காற்றுக்குப் பட்டா யார் பெயரில்?

1

ஆற்றுக்குக் கரை உண்டு. கண்மாய்க்கு மடை உண்டு. காற்றுக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே அதை யாரும் வளைத்துப் போட முடியாது என்பது நம்முடைய பொதுப்புத்தி. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக இந்தப் பொதுப்புத்தியைப் பொய்யாக்கி வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்கும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல்கள் வழியாகத்தான் வேகம் கூடித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வாசல்களுக்கு எதிரே முப்பந்தல், இராதாபுரம், கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஊர்க்காரர்கள் வாயில் அவை காத்தாடி. தமிழ்நாட்டில் இவற்றின் நிறுவுதிறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் நீண்டகாலம் முதலிடத்தில் இருந்த மாநிலம் இது. அண்மையில்தான் குஜராத் முந்திக்கொண்டது.

இந்தக் காத்தாடிகளைப் பற்றி இரண்டுவிதமான சொல்லாடல்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று அரசும் கம்பெனிகளும் பேசுவது: தூய்மையான மின்சாரம், தரிசு நிலத்துக்கு மதிப்பு, கிராமத்துக்கு வளர்ச்சி. மற்றது இயக்கங்கள் பேசுவது: அணு உலைக்கும் நிலக்கரிக்கும் மாற்று. 2011-12இல் இடிந்தகரையில் மக்கள் திரண்டபோது கூடங்குளத்தைச் சுற்றி நின்ற காற்றாலைகளே கண்ணெதிரிலுள்ள சாட்சியாகக் காட்டப்பட்டன. நியாயமான சாட்சிதான். ஆனால் இந்த இரண்டு பேச்சிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. இரண்டிலும் காற்றாலை விடையாக மட்டுமே வருகிறது, கேள்வியாக வருவதில்லை. அது நிற்கிற மண் யாருடையது, அங்கே முன்பு ஆடு மேய்த்தவர் யார், சுற்றுகிற விசிறியின் வருமானம் எந்த ஊருக்குப் போகிறது என்பதெல்லாம் இரண்டிலும் இல்லை.

காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல இங்கே பேச்சு. அனல் மின்நிலையத்தின் சாம்பலையும் அணு உலையின் கழிவையும் பார்த்தவர்கள் அதில் குழம்ப வேண்டியதில்லை. காற்றாலை யாருடையது என்பதே பேச்சு. ஒரே எந்திரம் இரண்டு நாடுகளில் இரண்டு வேறு சமூக உறவுகளுக்குள் நிறுத்தப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் கேள்வி தெளிவாகும்.

2

தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் அரசு மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. பின்னர் டென்மார்க் அரசின் டானிடா உதவியில் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வந்தன. தனியார் இறங்கியபோதும் வெஸ்தாஸ், மைக்கான் முதலிய டேனிஷ் கம்பெனிகளின் எந்திரங்களே முன்னணியில் இருந்தன. ஆக, நம் ஊர்க் காத்தாடிக்குப் பூர்வீகம் பெரும்பாலும் டென்மார்க்.

அந்தப் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1891இல் அஸ்கோவ் என்ற சிற்றூரின் மக்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்த பால் லா கூர் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்தார். தொழிற்சாலைக்காக அல்ல, கிராமத்துக்காக. பின்னர் கிராமத்து இளைஞர்களுக்கே மின்வேலை கற்றுக்கொடுத்தார். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அங்கே அரசு அணு உலை கட்டத் திட்டமிட்டது. அதை எதிர்த்து இயக்கம் எழுந்தது. எதிர்த்ததோடு நிற்காமல் எந்திரம் செய்யவும் இறங்கினார்கள். ரீசாகர் என்ற தச்சர் தன் பட்டறையில் ஒரு சிறிய காற்றாலையைச் செய்து மின்கம்பியில் இணைத்தார். த்விந்த் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து கட்டிய பெரிய காற்றாலை 1978இல் ஓடத் தொடங்கியது. பிறகு இதைத் தொழிலாக எடுத்துக்கொண்ட கம்பெனிகளும் விவசாயச் சூழலிலிருந்து வந்தவைதான். வெஸ்தாஸ் பண்ணை வண்டிகள் செய்த கம்பெனி. போனஸ் பாசனக் கருவி செய்தவர்களிடமிருந்து பிறந்தது. 1985இல் டென்மார்க் நாடாளுமன்றம் அணுசக்தியைத் திட்டத்திலிருந்தே நீக்கியது.

நமக்கு முக்கியமானது சொத்துடைமை. அங்கே காற்றாலையை வாங்கியவர்கள் பெரும்பாலும் விவசாயிகளும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும்தான். பத்து, ஐம்பது, நூறு குடும்பங்கள் பங்கு போட்டு ஒரு காற்றாலைக் குழு அமைப்பார்கள். பங்குதாரர் காற்றாலைக்குச் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் குடியிருக்க வேண்டும். தன் வீட்டு மின்தேவையை ஒட்டிய அளவுக்குத்தான் பங்கு வாங்கலாம். அரசு 1979இலிருந்து எந்திரத்தின் விலையில் 30 சதவீதம் மானியம் கொடுத்தது. படிப்படியாகக் குறைத்து 1989இல் நிறுத்தியது. 1990களின் இறுதியில் லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் காற்றாலைப் பங்கு இருந்தது. அரைக்கோடிப் பேர் வாழும் நாட்டில் இது சின்ன எண்ணிக்கை இல்லை.

டென்மார்க்கைச் சொர்க்கமாக்க வேண்டாம். 1990களின் பிற்பகுதியில் குடியிருப்பு விதிகள் தளர்ந்தன. எந்திரங்கள் பெரிதாயின, விலை ஏறியது, பங்குகள் பெருமுதலாளிகளிடம் திரண்டன. அதோடு கூடவே ஊர்க்காரர்களின் எதிர்ப்பும் வளர்ந்தது. இரைச்சல், நிழல், நிலக்காட்சி கெடுகிறது என்றார்கள். 2008இன் இறுதியில் சட்டம் போட்டு, புதிய காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை உள்ளூராருக்கு, முதலில் 4.5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு, கொடுக்க முன்வர வேண்டும் என்று அரசு சொல்ல வேண்டிவந்தது. 2020இல் அந்த ஏற்பாடும் வேறுவித இழப்பீடுகளுக்கு இடம்விட்டது. தன்னுடையதாக இருந்தபோது காதில் விழாத இரைச்சல், அடுத்தவனுடையதானபோது காதைத் துளைக்கிறது. இதை வெறும் மனோபாவம் என்று ஒதுக்கக்கூடாது. அது சொத்துறவின் ஒலி.

3

அதே எந்திரம் முப்பந்தலில் இறங்கியபோது என்ன நடந்தது? இங்கே எந்திரத்தை வாங்கியது விவசாயி அல்ல. கோவை, திருப்பூர், கரூர், இராசபாளையம் பக்கத்து நூற்பாலைகளும் சிமெண்ட் கம்பெனிகளும் வாங்கின. வருமான வரி குறைக்க வழி தேடிய பிற தொழிலதிபர்களும் வாங்கினார்கள். விவசாயிக்குப் பணமில்லை, அதனால்தான் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. யார் வாங்க வேண்டும் என்பதைச் சட்டமே தேர்ந்தெடுத்தது என்பது மறுபாதி.

மத்திய அரசு காற்றாலைக்குக் கொடுத்த முக்கியமான சலுகை விரைவுத் தேய்மானம். ஒரு கோடி ரூபாய்க்கு எந்திரம் வாங்கினால், அந்தக் கோடி முழுவதும் முதல் ஆண்டிலேயே தேய்ந்துபோனதாகக் கணக்கெழுதலாம். எந்திரம் தேயவில்லை, கணக்கில்தான் தேய்கிறது. ஆனால் வேறு தொழிலில் வந்த லாபத்திலிருந்து ஒரு கோடியைக் கழித்துவிடலாம். வரி விகிதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆண்டு கட்ட வேண்டிய வரியில் 40 லட்சம் மிச்சம். பிந்திய ஆண்டுகளில் கழிக்க ஒன்றும் இருக்காது என்பதால் அதில் ஒரு பகுதி தள்ளிப்போடப்பட்ட வரிதான். ஆனால் கையில் ரொக்கத்தோடு தள்ளிப்போடுவது முதலாளிக்கு வட்டியில்லாக் கடன். 2002 வாக்கில் இந்தச் சலுகை 80 சதவீதமாகக் குறைந்தது. 2012இல் ரத்தாகி, 2014இல் திரும்பி வந்து, 2017இலிருந்து 40 சதவீதமாக நிற்கிறது.

இப்போது விவசாயியை இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்து பாருங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. வரியே கட்டாதவனுக்கு வரிக்கழிவால் என்ன பயன்? டென்மார்க்கில் 30 சதவீத மானியம் வாங்குபவர் யாரானாலும் கிடைத்தது. இங்கே மானியம் ஏற்கெனவே பெரிய லாபம் வைத்திருப்பவனுக்கு மட்டுமே கிடைக்கிற வடிவத்தில் வந்தது. 'விவசாயிக்கு அனுமதியில்லை' என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாதபடி அது கட்டப்பட்டிருந்தது. அதிகாரம் வேலை செய்கிற விதம் பெரும்பாலும் இதுதான்.

இதன் விளைவு எந்திரங்களின் தலையிலும் எழுதப்பட்டது. சலுகை, ஓடுகிற யூனிட்டுக்கு அல்ல, நிறுவிய தேதிக்கு. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதித் தேய்மானம்தான். ஆகவே செப்டம்பர் 30க்குள், தவறினால் மார்ச் 31க்குள் எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று ஓடினார்கள். 1990களின் நடுவில் காற்று சரியாக அளக்கப்படாத இடங்களிலும் கோபுரங்கள் எழுந்தன. 1996 பட்ஜெட்டில் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் அடுத்த ஆண்டுகளில் வேகம் படுத்துவிட்டது. 2012இல் சலுகை போனபோதும் இதே கதைதான். நாடு முழுவதும் ஆண்டுக்கு 3,000 மெகாவாட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது ஏறக்குறையப் பாதியானது. ஆடிக்காற்று ஒரு வருஷமும் குறையவில்லை. காத்தாடியை எழுப்பியது காற்று இல்லை, பேலன்ஸ் ஷீட். யூனிட்டுக்கு 50 பைசா என்று உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகை 2009 இறுதியில்தான் அறிவிக்கப்பட்டது.

இத்தோடு வீலிங், பாங்கிங் என்ற இரண்டு ஏற்பாடுகள். முப்பந்தலில் எடுக்கும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகக் கோவை ஆலையில் பயன்படுத்திக்கொள்ளலாம், இது வீலிங். ஆடியில் மிஞ்சியதை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்துத் தையில் எடுத்துக்கொள்ளலாம், இது பாங்கிங். நீண்டகாலம் ஒரு முழு ஆண்டுக்கு இப்படிப் போட்டுவைக்க முடிந்தது. உடுமலைப் பக்கத்துத் தக்காளி விவசாயியை நினைத்துப் பாருங்கள். விலை விழுந்த நாளில் அவன் தக்காளியைப் போட்டுவைத்து விலை ஏறிய நாளில் எடுக்க ஒரு வங்கி கிடையாது. அவன் ரோட்டில் கொட்டுகிறான். அவன் தலைக்கு மேல் போகிற காற்றுக்கு மட்டும் வங்கி இருக்கிறது.

4

மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் நிலவாடகையை விளக்க ஓர் அருவியை உதாரணமாக எடுக்கிறார். பெரும்பாலான ஆலைகள் நீராவியில் ஓடுகின்றன, ஓர் ஆலை மட்டும் அருவியில் ஓடுகிறது. அருவிக்கு நிலக்கரிச் செலவில்லை. ஆகவே அந்த முதலாளிக்கு உபரி லாபம். இந்த உபரி அவனுடைய மூலதனத்தின் விளைவோ திறமையின் விளைவோ அல்ல. எல்லோருக்கும் கிடைக்காத, ஓர் இடத்தோடு பிணைந்த இயற்கைச் சக்தி அதைத் தருகிறது. எனவே அருவி இருக்கிற நிலத்துக்காரன் அதைத் தன் வாடகையாகப் பறித்துக்கொள்ள முடியும்.

முப்பந்தல் காற்று மார்க்ஸின் அருவிதான். கணவாய்க் காற்று எல்லா ஊரிலும் அடிப்பதில்லை. அது இடத்தோடு பிணைந்தது. சூத்திரப்படி நிலத்துக்காரனுக்கு அல்லவா வாடகை வந்திருக்க வேண்டும்? வரவில்லை. ஏன்? நிலம் விற்கப்பட்டபோது காற்று விலையில் விற்கப்படவில்லை, தரிசு விலையில் விற்கப்பட்டது.

'தரிசு' என்ற சொல்லைக் கொஞ்சம் கட்டவிழ்க்க வேண்டும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்றால் தீர்வை தராத நிலம். காலனிய அரசுக்கு வருமானம் தராதது 'வீண்' ஆயிற்று. ஆனால் மானாவாரிக் காட்டில் ஒரு வருஷம் விதைத்து இரண்டு வருஷம் போட்டுவைப்பது வேளாண்மையின் ஒரு முறை. போட்டுவைத்த நிலத்தில் ஆடு மேய்கிறது, விறகு பொறுக்குகிறார்கள், உடைமரம் வெட்டிக் கரி போடுகிறார்கள். பதிவேட்டுக்கு இவை தெரிவதில்லை. முதலில் காகிதத்தில் நிலம் காலியாகிறது, பிறகு தரகர் வருகிறார், பிறகு கோபுரம். கிரயப் பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், நான்கு எல்லை இருக்கும், மரம் மட்டை கிணறு எல்லாம் இருக்கும். காற்று இருக்காது. விற்றவனுக்குத் தான் எதை விற்கிறோம் என்று தெரியாது. வாங்கியவனிடம் காற்று அளவீட்டுப் புள்ளிவிவரம் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றாலை ஒன்றின் பின்னால் காற்று கலங்கிப்போகும். அடுத்ததை ஒட்டி நிறுத்த முடியாது. பக்கவாட்டில் விசிறி விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, காற்றுப் போகும் திசையில் ஏழு மடங்கு இடைவெளி என்பது நெடுநாள் விதி. விசிறியின் விட்டம் 50 மீட்டர் என்றால் 250 மீட்டருக்கு 350 மீட்டர். ஏறத்தாழ 21 ஏக்கர். கோபுரத்தின் அடித்தளம், பாதை, டிரான்ஸ்பார்மர் எல்லாம் சேர்ந்தாலும் இதில் சிறு பகுதியைத்தான் எடுக்கும். 'மிச்ச நிலத்தில் உழுதுகொள்ளலாமே, என்ன நஷ்டம்?' என்று கம்பெனி கேட்கும். உழலாம்தான். ஆனால் அந்த 21 ஏக்கரின் காற்றையும் ஒரே எந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. பக்கத்து நிலத்துக்காரன் நாளைக்குத் தன் நிலத்தில் ஒரு காத்தாடி வைக்க நினைத்தால் 'இடைவெளி பத்தாது' என்று சொல்லிவிடுவார்கள். அவனிடம் யாரும் எதையும் வாங்கவில்லை, ஆனால் அவனிடமிருந்து ஒன்று போய்விட்டது. அதற்குப் பத்திரமும் கிடையாது, பைசாவும் கிடையாது.

5

'காத்தாடி வந்த பிறகு மழை போச்சு.' மகாராட்டிரத்தின் சதாரா, சாங்லிப் பகுதிகளில் 2003-04 வறட்சியின்போது விவசாயிகள் இப்படிச் சொல்லிக் காற்றாலைகளை எதிர்த்தார்கள். விசிறி மேகத்தைக் கலைத்துவிடுகிறது என்றார்கள். நம்ம பக்கத்திலும் இந்தப் பேச்சு உண்டு. மழை மேகம் உருவாவதும் நகர்வதும் பல நூறு கிலோமீட்டர் அளவிலான நிகழ்வு. நூறு மீட்டர் உயரத்தில் சுற்றுகிற விசிறிக்கு அதைக் கலைக்கிற வலு இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சொன்னதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பகுத்தறிவாளர்கள் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு பேச்சு பொய்யாக இருந்தும் ஏன் நிலைக்கிறது என்பது தனிக் கேள்வி. தன் வானத்திலிருந்து ஏதோ எடுக்கப்படுகிறது, தனக்கு எதுவும் திரும்பி வரவில்லை என்பது அந்த விவசாயி கண்ணால் காண்பது. அந்த இழப்பைச் சொல்லச் சட்டத்தில் சொல் இல்லை. பொருளாதாரத்தில் சொல் இருக்கிறது, ஆனால் அது அவனிடம் வந்து சேரவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த மிகப் பெரிய இழப்பின் பெயரை அதற்கு வைக்கிறான்: மழை. எடுக்கப்பட்டது மழை அல்ல, வாடகை.

மின்சாரம் தமிழக விவசாயிக்குப் புதிய அரசியல் அல்ல என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1970 ஜூன் 19இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று விவசாயிகள் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் சங்கம் அந்தப் போராட்டத்திலிருந்து வளர்ந்தது. 1990இல் எல்லா விவசாய பம்புசெட்டுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆனால் அந்த அரசியல் விவசாயியை நுகர்வோனாக மட்டுமே கண்டது. மின்சாரம் வாங்குகிறவன், சலுகை கேட்கிறவன். உற்பத்தி செய்கிறவனாக அவனைக் கற்பனை செய்யவில்லை. பெருமாநல்லூரிலிருந்து அதிக தூரமில்லாத பல்லடம், உடுமலை மேடுகளில் காற்றாலைகள் எழுந்தபோது சங்கங்களிடம் அதற்கான கோரிக்கை எதுவும் தயாராக இல்லை.

6

சரி, வாடகை விவசாயிக்கு வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கே 'விவசாயி' என்ற சொல்லையும் விட்டுவைக்க முடியாது. பட்டா யாரிடம் இருக்கிறது? கரிசல் காட்டில் களை எடுத்த தலித் பெண்ணிடம் இல்லை. கிடை போட்ட கீதாரியிடம் இல்லை. நிலம் விற்றவனுக்காவது ஒருமுறை ரொக்கம் வந்தது. அதில் கூலிவேலை பார்த்தவர்களுக்கு வேலை போனதுதான் மிச்சம். காத்தாடிக்குக் களை எடுக்க ஆள் வேண்டாம். ஊர்ப் பையன்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாட்ச்மேன் வேலை. மார்க்ஸின் அருவி உதாரணத்தில் இன்னொரு பாதியும் இருக்கிறது: நிலத்துக்காரன் அருவியை உண்டாக்கவில்லை, அதற்கு வாசல் காவலன் மட்டுமே. காற்று வாடகையை மில்லிடமிருந்து பிடுங்கிப் பட்டாதாரரிடம் மட்டும் கொடுப்பது ஆதிக்க சாதி நிலவுடைமைக்கு இன்னொரு வருமானமாக முடியும். ஆகவே உடைமை ஊருக்கு வேண்டும், சேரியையும் உள்ளடக்கிய ஊருக்கு.

இது நடக்கக்கூடிய காரியமா? நடந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, தலைவர் ஆர். சண்முகத்தின் முயற்சியில், 2006இல் உடுமலை வட்டம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. ஊராட்சியின் சேமிப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆனது போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். கோவை மில் எந்த வழியில் வேறு ஊரின் காற்றைப் பயன்படுத்தியதோ அதே வழியில் ஓர் ஊராட்சியும் பயன்படுத்த முடியும் என்று காட்டியது இதன் பெருமை. ஒரு நெருடலும் உண்டு. ஓடந்துறை உடைமையாளர் ஆனது, காற்று அடிக்கிற மைவாடி அப்போதும் இடமாகவே இருந்தது. அடுத்த படி மைவாடிகளுக்கானது.

சட்டத்திலும் கதவு அடைத்துக் கிடக்கவில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 2005 விதிகளின்படி, பயன்படுத்துவோர் சேர்ந்து 26 சதவீத உடைமை வைத்து 51 சதவீத மின்சாரத்தைப் பயன்படுத்தினால் அது சொந்தப் பயன்பாட்டு மின்நிலையம். பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கத்துக்கும் அதில் இடமுண்டு. ஆலைகள் கூட்டுச் சேர்ந்து இதைப் பயன்படுத்துகின்றன. பால் கூட்டுறவு நடத்தத் தெரிந்த ஊர்களுக்குக் காற்றுக் கூட்டுறவு நடத்தத் தெரியாதா?

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 1990களில் நட்ட எந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. 250, 500 கிலோவாட் எந்திரங்களை எடுத்துவிட்டு இரண்டு, மூன்று மெகாவாட் எந்திரங்களை நிறுத்துவதற்குத் தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கையை அறிவித்தது. பழைய கோபுரம் இறங்கிப் புதியது ஏறும் இடைவெளியில் இடைவெளி விதிகள், பாதைகள், கம்பித் தடங்கள் எல்லாம் மறுபடி பேசப்பட்டாக வேண்டும். அந்தப் பேச்சில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள் கம்பெனிகளும் வாரியமும் மட்டும்தான். கிராமசபை உட்கார வேண்டும். விற்பனைக்குப் பதில் குத்தகை. ஓடுகிற யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஊராட்சிக்குப் பங்கு. காற்று நிழலில் விழும் பக்கத்து நிலத்துக்கும் ஈடு. நிலமற்றோரும் உறுப்பினராகும் கூட்டுறவுக்குக் குறிப்பிட்ட சதவீத உடைமை. வரிக்கழிவுக்குப் பதிலாக அந்தக் கூட்டுறவுக்கு நேரடி மூலதன மானியம். இவற்றில் ஒன்றுகூடப் புரட்சிக்குப் பிறகுதான் சாத்தியம் என்று ஒத்திவைக்க வேண்டிய கோரிக்கை அல்ல.

முப்பந்தல், இராதாபுரம், கயத்தாறு, பல்லடம், உடுமலைப் பக்கம் வேலை செய்யும் தோழர்கள் ஒரு சின்ன வேலையிலிருந்து தொடங்கலாம். உங்கள் ஊராட்சி எல்லைக்குள் எத்தனை காத்தாடி நிற்கிறது, எந்தச் சர்வே எண்ணில், எந்த ஆண்டில், யார் பெயரில், எத்தனை கிலோவாட் என்று ஒரு பட்டியல் எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் வாரியத்திடமும் வட்டாட்சியர் அலுவலகத்திடமும் கிடைக்கக்கூடிய விவரங்கள்தான். அந்தப் பட்டியலை அடுத்த கிராமசபையில் உரக்க வாசித்துப் பாருங்கள். பேச்சு மழையிலிருந்து உடைமைக்கு மாறும்.